பார்த்துக்கொண்டவனுக்குப் பார்த்துக் கொடுப்பது எப்படி?

தீபாவளிக்கு ஊருக்குப் போக நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. பட்டுப்புடவை, மாமனாருக்கு வேட்டி, குழந்தைகள் கம்பி மத்தாப்பு கேட்டு அழுதால் கொடுக்க மிக்சர் பொட்டலம், எல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று. கதவோரம் உட்கார்ந்துகொண்டு பெட்டியையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கிறது டாமி. அப்போதுதான் எதிர் ஃபிளாட் பையனின் ஞாபகம் வருகிறது. பிளஸ் ஒன் படிக்கிறான். படிக்கட்டில் பார்த்தால் டாமியின் காதைச் சொறிந்துவிடுவான். நல்ல பையன். பெயர்தான் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பரவாயில்லை, இந்த நிமிடத்திலிருந்து அவன் நம்ம வீட்டுப் பிள்ளை.

அவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி ரயில் தாம்பரம் தாண்டிய பிறகுதான் உங்களுக்கு வரும். அதற்கு முன்பே வந்துவிட்டால் பதறாமல் இந்தக் கையேட்டைப் படியுங்கள்.

முதல் வேலை, அவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ரகசியமாக விசாரிப்பது. சென்னையில் நாய்களைத் தங்க வைக்கும் விடுதிகளில் ஓர் இரவுக்கு 600, 800 என்பார்கள். ஏசி அறை, தனி நடைப்பயிற்சி என்று போனால் ஆயிரத்தைத் தாண்டும். தடுப்பூசி அட்டை கேட்பார்கள். உண்ணி இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பண்டிகை நாளில் இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். சரி, கூடவே கூட்டிப் போகலாமா என்றால், ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுதாக எடுத்தால்தான் நாய் உங்களோடு வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் அது தனியாக வரவேண்டும். மாமியார் வீட்டில் கேட்டால், "அதுக்கென்ன, தாராளமா கூட்டிட்டு வாங்க, மாட்டுக்கொட்டகையில கட்டிப்போட்டுக்கலாம்" என்பார்கள். உங்கள் மெத்தையில் தலையணை வைத்துத் தூங்கும் லேப்ரடாரைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

இந்தத் தொகைகளையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட கையோடு மறந்துவிட வேண்டும். முக்கியமாகப் பையனின் அம்மா காதில் விழக் கூடாது.

அடுத்தது, கேட்கும் முறை. பையனிடம் நேராகக் கேட்கவே கூடாது. அவனுக்கு வாய் இருக்கிறது, எவ்வளவு என்று கேட்டுவிடுவான். அவன் அம்மாவிடம் கேளுங்கள். அதுவும் போன வாரம் வாங்கிய ரசப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில், வாசற்படியில் நின்றபடி. "நாலு நாள்தாங்க. சும்மா ரெண்டு வேளை சாப்பாடு வைக்கணும், அவ்வளவுதான். டாமிக்கும் உங்க பையன்னா உசிரு." பெற்றவள் முகத்துக்கு நேரே பிள்ளையைப் புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? அவரும் பேசமாட்டார். "அதுக்கென்னக்கா, அவன் சும்மாதானே இருக்கான்" என்பார். ஒப்பந்தம் முடிந்தது.

வேலை என்ன என்பதைக் கிளம்பும் நாள் இரவு, ஏ4 தாளில், இரண்டு பக்கமும் எழுதிக் கொடுங்கள். காலை 5.45க்கு டாமியை வெளியே கூட்டிப் போக வேண்டும். ஆறு மணி ஆனால் ஹாலிலேயே முடித்துவிடும். லிஃப்டில் ஏற்றினால் அசோசியேஷன் செயலாளர் சண்டைக்கு வருவார், அதனால் நான்கு மாடியும் படி. இத்தனைக்கும் வளர்ப்பு நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தடுக்க அசோசியேஷன்களுக்கு உரிமையில்லை என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் பாடுபட்டு 1962இல் உருவாக்கிய வாரியம், பல ஆண்டுகள் இதே சென்னையிலிருந்துதான் நடந்தது. இதை எடுத்துச் சொல்லச் செயலாளரின் எதிரில் உங்களுக்கு இதுவரை தைரியம் வந்ததில்லை. அந்தப் பொறுப்பையும் பதினாறு வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டீர்கள்.

கேட்டைத் தாண்டினால் தெருநாய்கள் நான்கு. டாமி வீட்டுக்குள் சிங்கம், வெளியே வந்தால் பையனின் கால்களுக்கு நடுவில் புகுந்துகொள்ளும். கையில் பிளாஸ்டிக் பை, அது எதற்கென்று எழுதவேண்டியதில்லை. திரும்பி வந்ததும் கால் நான்கையும் துடைக்க வேண்டும். கோழியை உப்புப் போடாமல் வேகவைத்து, எலும்பு நீக்கி, சோற்றோடு பிசைந்து வைக்க வேண்டும். பையன் வீட்டில் முட்டைகூட வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். காதுக்குச் சொட்டு மருந்து, வயிற்றுக்கு மாத்திரை. மாத்திரையை இட்லிக்குள் ஒளித்து வைக்க வேண்டும். டாமி இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சோபாவுக்கு அடியில் துப்பும், அதைத் தேடியெடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாக்லேட் ஆகாது, வெங்காயம் ஆகாது, திராட்சை ஆகவே ஆகாது, நாய்க்குச் சிறுநீரகமே போய்விடும். உலர்ந்த திராட்சைக்கும் இது பொருந்தும். ஆகவே பண்டிகை நாளில் பையனின் பாட்டி பாசத்தோடு நீட்டும் பாயசத்தையும் அவன்தான் காவல் காக்க வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு வீடியோ கால். உங்கள் மகளுக்கு டாமியைப் பார்க்காமல் தூக்கம் வராது. டாமிக்கோ போனைப் பார்த்தால் கொட்டாவி வரும். ஒரு கையில் போன், ஒரு கையில் டாமியின் தாடை என்று கால் மணி நேரம் பையன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தாளின் இரண்டாம் பக்கம் முழுக்க "அப்படியே" என்று தொடங்கும் வரிகள். அப்படியே துளசிக்குக் கொஞ்சம் தண்ணீர். அப்படியே கூரியர் வந்தால் வாங்கி வைக்கவும். அப்படியே வாசலில் பால் பாக்கெட் கிடந்தால் எடுத்துக்கொள்ளவும். பால்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டோம். அப்படியே மாலையில் சாமிக்கு விளக்கு.

கூட்டிப் பார்த்தால் நாளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். யாரும் கூட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. குழாய் ரிப்பேருக்கு வருபவர் வாஷர் மாற்றிவிட்டு 400 கேட்டால் முனகிக்கொண்டாவது கொடுத்துவிடுகிறோம். அவர் நம்மை அங்கிள் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டிருந்தால் அவருக்கும் 200 ரூபாயும் ஒரு டம்ளர் காபியும்தான் கிடைத்திருக்கும். உறவு சொல்லி அழைத்தவனின் உழைப்பைப் பாதி விலைக்கு வாங்குவதில் நம் நடுத்தர வர்க்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. தம்பி என்றோம், கண்ணா என்றோம், கூலியில் கைவைத்தோம்.

இனி, கொடுக்கும் முறைகள். வழக்கில் உள்ளவை மட்டும்.

அல்வா முறை. திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது அரைக் கிலோ அல்வா வாங்கி வந்து கொடுப்பது. ஊருக்குப் போய் வந்தால் பக்கத்து வீட்டுக்கு எப்படியும் அரைக் கிலோ கொடுக்கத்தான் போகிறீர்கள், ஆகவே இதில் செலவே இல்லை. பையனின் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மா உடம்பைக் குறைக்கிறார், பையனுக்கு நெய் வாடை பிடிக்காது. நான்கு நாள் கழித்து அந்த அல்வா இரண்டாவது மாடிக்குப் போய்ச் சேரும். அங்கே லவ் பேர்ட்ஸைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குச் சம்பளமாக.

மொய் முறை. நம் வீடுகளில் கணக்குப் பிசகாத ஒரே ஏடு மொய் நோட்டுதான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் புரட்டுவார்கள், ஒரு ரூபாய் விட்டுப்போகாது. நீங்களும் அலமாரியிலிருந்து உங்கள் நோட்டை எடுங்கள். மகளின் காதுகுத்துக்கு எதிர் வீட்டார் 501 எழுதியிருக்கிறார்கள் அல்லவா? பையனுக்கும் 501 கொடுங்கள். கூலியும் கொடுத்தாயிற்று, மொய்யும் திரும்பிவிட்டது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அந்த ஒரு ரூபாய் நாணயத்தை உறையில் ஒட்டும்போது, நான்கு நாளுக்குப் பங்கு போட்டால் நாளுக்கு 125 ரூபாய் 25 காசு என்ற கணக்கு மனதில் எழும். அடக்கிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து காசு செல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிறது.

அறிவுரை முறை. "இந்த வயசுல கையில காசு பொழங்கக் கூடாது கண்ணா, கெட்டுப்போயிடுவே." பிறகு கூட்டு வட்டியைப் பற்றி இருபது நிமிடம். முன்பு இதற்கு நல்ல மதிப்பு இருந்தது. இப்போது ரிசர்வ் வங்கியே கவிழ்த்துவிட்டது. பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களாகவே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025இல் சொல்லிவிட்டார்கள். பையன் கணக்கு எண்ணை நீட்டினால் உங்கள் கூட்டு வட்டிப் பாடம் உங்கள் மேலேயே திரும்பும்.

இதன் நவீன வடிவம் ஒன்று ஐடி வேலைக்காரர்களிடம் காணப்படுகிறது. "இதெல்லாம் உன் ரெஸ்யூமேல போட்டுக்கோ, வெளிநாட்டு யுனிவர்சிட்டில ரொம்ப மதிப்பாங்க." பையன் சேரப் போவது குரோம்பேட்டை பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம்.

சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், மேல் மாடியில் ஒரு வக்கீல் இருக்கிறார். பையனுக்குப் பதினான்கு நிறைந்திருக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதினான்குக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகத் தன் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று நீங்கள் சொல்வதைச் சட்டம் குடும்பமாக எடுத்துக்கொள்ளாது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை சுரங்கம், வெடிபொருள் மாதிரி ஆபத்தான வேலைகள்தான் கூடாது. உங்கள் டாமி அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் போடலாமா என்று கேட்டால் வக்கீல் சிரிப்பார். மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903இலேயே தீர்த்துவிட்டது. ஆகவே கையெழுத்து வாங்காதீர்கள். வாக்குதான். வாக்கு என்றதும் உங்கள் முகம் மலர்கிறது, தெரிகிறது.

டாமி கடித்தால்? கடிக்காது என்று எல்லாரும்தான் சொல்கிறோம். பட்டாசுச் சத்தத்தில் நடுங்கிக் கட்டிலுக்கு அடியில் ஒண்டிய நாயைக் கைவிட்டு இழுத்தால் எந்த நாயும் கடிக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அரசு மருத்துவமனை: தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ஊசி இலவசம் என்று படித்ததும் உங்களுக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பையனின் அம்மாவிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி தேதி தாண்டவில்லை என்பதற்கான அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். இந்த ஒரு வரியில் கிண்டல் இல்லை.

தீபாவளிப் படி என்று தனியாக ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றம் 2018இல் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தபின், தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரைதான் வெடிக்கலாம். இது உங்கள் தெருவுக்குத் தெரியாது. முதல் சரம் அதிகாலை நான்கு மணிக்கு. அப்போது எல்லாப் பிள்ளைகளும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு புதுச் சட்டைக்குக் காத்திருக்க, இவன் உங்கள் வீட்டு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு டாமியை மடியில் வைத்திருப்பான். அதற்கு என்ன விலை என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் 125 ரூபாய் 25 காசு இல்லை.

மற்றப் பிராணிகள் பற்றிச் சுருக்கமாக. பூனை என்றால் வேலை குறைவு, மரியாதையும் குறைவு. மண் தட்டைச் சுத்தம் செய்தால் போதும், பூனை அவனைக் கண்டுகொள்ளாது. மீன் தொட்டிக்குப் பையனே வேண்டாம் என்பேன். பட்டினியால் செத்த மீனைவிடப் பாசத்தில் கொட்டிய தீனியால் செத்த மீன்கள்தான் அதிகமாக இருக்கும். பச்சைக்கிளி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கூலி பேசும் நிலையில் நீங்கள் இல்லை. அதைக் கூண்டில் வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதே கதிதான். பையன் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலையும் அதில் சேர்த்தி.

இத்தனை உத்திகளைச் சொன்ன பிறகும், இல்லை, நியாயமாகத்தான் கொடுப்பேன் என்று அடம்பிடிக்கும் வாசகர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காக வேண்டாவெறுப்பாக ஒரு கணக்கு. விடுதிக்காரர் கேட்ட தொகையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை, அதனால் பாதி. இரண்டு வேளை நடையும் சாப்பாடும் என்றால் நாய்க்கு நாளுக்கு 350, 400. ராத்திரி உங்கள் வீட்டில் படுத்துக்கொண்டால் 600. பூனைக்கு 200. தீபாவளியன்று ஒன்றரை மடங்கு. "அப்படியே" பட்டியல் ஐந்து வரியைத் தாண்டினால் நாளுக்கு இன்னொரு 50. கோழி, மாத்திரை, அவசரத்துக்கு ஆட்டோ இவற்றுக்குத் தனியாக 1,000 ரூபாய் ஓர் உறையில், கூடவே கால்நடை மருத்துவரின் எண். மீதியை அவன் திருப்பிக் கொடுப்பான், எண்ணிப் பார்க்காதீர்கள், அவன் எதிரில் எண்ணவே எண்ணாதீர்கள். தொகையைக் கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள், பாதியைக் கையில் கொடுத்துவிடுங்கள். அவன் கையில். அம்மாவின் ஜிபேக்குப் போன பணம் அந்த மாத மளிகையில் கலந்துவிடும்.

வயது குறைவு என்பதால் தொகையைக் குறைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: டாமியின் வயது ஐந்து. அதற்கு யாரும் அரை டிக்கெட் ஊசி போடுவதில்லை.

கடைசியாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். கொடுக்கும்போது அவன் வாங்கமாட்டான். "ஐயோ, எதுக்கு ஆன்ட்டி, வேணாம்" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவான். உள்ளேயிருந்து அம்மா, "அக்கா, இதெல்லாம் பண்ணாதீங்க, எனக்குக் கோவம் வரும்" என்று குரல் கொடுப்பார். கஞ்சர்கள் வெற்றி பெறும் இடம் இதுதான். முதல் "வேணாம்" காதில் விழுந்தவுடன் உறை பர்ஸுக்குள் போய்விடும். "சரி, அவ்ளோ சொல்றீங்க, நான் என்ன பண்றது" என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அங்கேயே காபியும் குடித்துவிட்டு வருவார்கள். ஆனால் முதல் "வேணாம்" வளர்ப்புக்காகச் சொல்வது. இரண்டாவது, அம்மா பார்த்துக்கொண்டிருப்பதற்காக. மூன்றாவதைச் சொல்லும்போது கவனியுங்கள், ஒரு கை முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கும். அப்போது சட்டைப் பையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் லிஃப்டுக்கு நடக்க வேண்டும். ஃபிளாட் எதிரிலேயே இருந்தாலும்.

முன்பே தொகையைச் சொல்லியிருந்தால் இந்த நாடகமே இருக்காது என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும்.

பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிர் ஃபிளாட் பையன் கிடைக்கமாட்டான், அடுத்து பிளஸ் டூ, இப்போதே காலையிலும் மாலையிலும் டியூஷன். அவனுக்குப் பதிலாக மூன்றாவது மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தொடங்கியிருக்கிறாள். பதினான்கு முடிந்துவிட்டதா என்று கேட்டால் பிறந்தநாளைச் சொல்கிறாள். நாளுக்கு 450, போகியன்று 600, பாதி முன்பணம், மாத்திரை கொடுப்பதென்றால் தனி. போன வாரம் லிஃப்டில் வைத்து ஒரு மாமி, "என்னடி கண்ணு, நம்ம டாமிதானே" என்று தொடங்கினார். அவள் போனைப் பார்த்துக்கொண்டே, "ஆமா ஆன்ட்டி, டாமிக்கு 450, நம்ம டாமின்னா 500" என்றாளாம். பொங்கலுக்கு இன்னும் இரண்டு நாய்க்குத்தான் இடம் இருக்கிறது என்கிறார்கள்.